சீமெண்ணெய் விழாத தொட்டி

மதினி,

இன்று காலை தெருச் சாக்கடையில் கொசுவுக்குச் சீமெண்ணெய் ஊற்றிவிட்டுப் போனார்கள். வாடை வீட்டுக்குள் வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று சொன்னால் புரிந்துகொள்ள இங்கே யாரும் இல்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நீ அண்ணனைக் கட்டிக்கொண்டு தென்காசி வீட்டுக்கு வந்த முதல் சாரல் அது. என்னைவிட மூன்று மாதம் இளையவள் நீ. அம்மா முன்னால் என்னை "வாங்க, போங்க" என்பாய். அவள் அப்பால் போனதும் "ஏட்டி" ஆகிவிடும். குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்பும்போது வண்டியை நிறுத்தச் சொல்லி, குளத்தில் இறங்கி, ஆம்பல் கிழங்கைச் சேறோடு பிடுங்கி வந்து புறவாசல் தொட்டியில் நட்டாய். சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் கூப்பிட்டாய்.

"ஏட்டி, இங்கன வா. அடியில ஒண்ணு ஊருது பாரு."

மண் நிறத்தில் ஆறு காலோடு ஒரு பூச்சி. எனக்கு அருவருப்பாக இருந்தது. நீயோ தொட்டி விளிம்பில் நாடியை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாய். கொசுப்புழு ஒன்று நெளிந்து அருகே வந்தது. பூச்சியின் முகத்துக்குக் கீழே மடங்கியிருந்த ஏதோ ஒன்று கை மாதிரி நீண்டது, புழுவைக் காணோம். குளக்கரையில் வளர்ந்த உனக்குத்தான் அது தட்டானின் குஞ்சு என்று தெரிந்தது. எண்ணினோம். பதினொன்று இருந்தன.

அந்த வாரமே சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து, வியாழக்கிழமை எல்லா வீட்டுத் தொட்டியிலும் சீமெண்ணெய் ஊற்றப்போவதாகச் சொன்னார். அப்பா சரி என்றுவிட்டார். அன்று நீ சாப்பிடவில்லை.

"செத்துப்போனாலும் இப்படி ஒண்ணு இருந்துதுன்னு காட்டணும்ட்டி" என்று சொல்லி, அண்ணன் யாரையும் தொடவிடாத பெட்டிக் கேமராவை எடுத்து வந்தாய்.

குஞ்சு ஒன்றைக் கண்ணாடித் தம்ளரில் விட்டு வெயிலில் வைத்தோம். பின்னால் வெள்ளை வேட்டியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அப்போது பார்த்து அண்ணன் வந்துவிட்டான். நீ கேமராவை முந்தானைக்குள் மறைத்தாய். பெட்டியின் மூலை வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அவன் தம்ளரைக் குனிந்து பார்த்தான். உள்ளே போய், பத்திரம் படிக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து வந்தான்.

"வெறுமனே எடுத்தா மங்கலாத்தான் விழும். இதை முன்னால பிடி."

மூன்று பேருமாக ஏழு படம் எடுத்தோம்.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் தகர டின்னோடு வந்தார். நீ கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. அவர் முன்னால் குஞ்சு ஒன்றை விட்ட தம்ளரை வைத்து, பக்கத்து வீட்டுத் தொட்டியில் அள்ளிவந்த கொசுப்புழுக்களை அதில் விட்டாய்.

"எங்க தொட்டியில ஒரு புழு காட்டுங்க. காட்டிட்டா ஊத்துங்க" என்றாய்.

அவர் குனிந்தார். பிறகு குத்தவைத்தே உட்கார்ந்துவிட்டார். தம்ளரில் புழுக்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. தொட்டியையும் கிளறிப் பார்த்தார்.

"நம்ம வேலையை இதுக பாக்குதே அண்ணாச்சி" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, டின்னைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அப்பா உன்னைப் பார்த்துச் சிரித்து அன்றுதான் கண்டேன்.

அடுத்த வாரம், விடிகிற நேரத்தில் ஒரு குஞ்சு ஆம்பல் பூத்தண்டில் ஏறி நின்றது. முதுகு பிளந்து தட்டான் வெளியே வந்தது. ஃபிலிமில் ஒரே ஒரு படம் பாக்கி. வெளிச்சம் போதாது, பொறு என்றான் அண்ணன். கசங்கிக் கிடந்த சிறகுகள் மெல்ல நீண்டு விரிவதைப் பார்த்தபடி காத்திருந்தோம். மேகம் விலகியதும் நீ விசையைத் தட்டினாய். அந்த நொடியே அது பறந்துவிட்டது. தண்டில் ஒட்டியிருந்த வெறும் தோலும், பூதக்கண்ணாடியைப் பிடித்திருந்த உன் கட்டைவிரலும்தான் படத்தில் விழுந்தன. குஞ்சு தெளிவாக விழுந்த படங்களை விட்டுவிட்டு, நீ சட்டம் போட்டு மாட்டியது இதைத்தான்.

"இதுல அது பறந்துட்டுன்னு தெரியுதுல்லா" என்றாய்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. வாளியிலோ சட்டியிலோ தேங்கிய தண்ணீரைக் கொட்டும் முன் இன்னமும் ஒரு தடவை குனிந்து பார்க்கிறேன். வீட்டில் கேலி செய்கிறார்கள். நேற்று, மழையில் நிறைந்து கிடக்கும் பழைய உரலுக்குள் ஏதோ ஊர்ந்தது. நான் கொட்டவில்லை, மதினி.