சிவப்புப் பக்கத்தில் ஒரு படம்

ஆகஸ்ட் 9

அன்பும் அவ்வப்போது குட்டும் தரும் அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "நல்லா இருக்கேன்" என்பாய். காய்ச்சலில் கிடந்தபோதும் அதைத்தான் சொன்னாய்.

இவ்வளவு பெரிய அணையைக் கட்டுகிறவர்கள் பக்கத்தில் ஒரு போன் டவர் கட்டக் கூடாதா? உங்கள் மளிகை வண்டி கிளம்பும் நாள் பார்த்து எழுத வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதம் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் வரும். படிக்கும்போது கண் கலங்கினால் பொறுப்பு வெங்காயத்துடையது.

செய்தி என்னவென்றால், நான் சிவப்பு. துணைத் தலைமை ஆசிரியை மேடத்தின் அறையில் ஒரு பலகை இருக்கிறது. கடைசி வருடத்தில் படிக்கும் எல்லாருடைய படமும் அதில் உண்டு. தேறிவிடுவார்கள் என்று நம்பிக்கை இருந்தால் பச்சைப் பக்கம். தேறுவது இழுபறி என்றால் சிவப்புப் பக்கம். சிவப்பில் பதினான்கு கட்டங்கள், ஒன்றில் உன் தம்பி, சிரித்தபடி.

சிவப்பானவர்களுக்குச் சிறப்புக் கவனிப்பு. காலை ஆறு மணிக்கு அலுவலகத்து எழுத்தர் அக்கா போன் போடுவார். படத்தின் பின்னால் எண் இருக்கும். ஒரே கேள்விதான் கேட்கலாம்: "எழுந்துட்டியா?" என்ன மார்க், ஏன் சிவப்பு என்று அவரிடம் மேடம் சொல்வதே இல்லை. காரணம் தெரிந்தால் திட்டத் தோன்றுமாம்.

"எழுந்துட்டேன்க்கா."

"குரல் இன்னும் படுத்திருக்கே."

"அதுக்கு நாளைக்குத்தான் விடியும்க்கா."

ஏழு மணிக்கு ஆய்வகத்தில் கணக்கு வகுப்பு. சார் போடுகிற கணக்குக்கும் நான் போடுகிற கணக்குக்கும் இதுவரை அறிமுகம் இல்லை. தேறினால்தான் உன் அணையில் மின்சார வேலைப் பயிற்சிக்கு இடம் என்று உங்கள் மேற்பார்வையாளர் சொல்லிவிட்டாரே, அதற்காகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

தேறியவர்கள் வருடக் கடைசியில் தங்கள் படத்தைத் தாங்களே கழற்றிக்கொண்டு போக வேண்டுமாம். உன் காலத்திலும் இந்தப் பலகை இருந்தது என்று எழுத்தர் அக்கா சொன்னார். நீ சொன்னதே இல்லையே?

இப்படிக்கு,
வகுப்பின் தலைவலி, வீட்டின் வால்


ஆகஸ்ட் 17

அன்புள்ள வாலுக்கு,

நல்லா இருக்கேன்.

காலையிலிருந்து அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அரை மைல் தள்ளி ஒருவர் நில அளவைக் கருவி வழியாகப் பார்த்து, "இடப்பக்கம், இன்னும் கொஞ்சம்" என்று கையாட்டுவார். அவருக்குக் கோல்தான் தெரியும். பிடித்திருக்கும் ஆள் தெரிய வேண்டியதில்லை.

பலகை இருந்தது. நான் பச்சை, மேல் வரிசை. சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை.

ஆறு மணிக்கு எழுந்துவிடு. அம்மாவை எழுப்ப வைக்காதே. அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 30

கோல் பிடிக்கும் அக்காவுக்கு, கோல்மால் செய்யும் தம்பி எழுதுவது.

உட்கார்ந்துகொண்டு படி. நான் பச்சையாகிவிட்டேன்.

படித்து இல்லை. வழக்கம்போல் மேடத்தின் அறை வாசலில் தண்டனைக்கு நிறுத்தியிருந்தார்கள். மேடத்தை யாரோ கூப்பிட்டார்கள், அவர் போனார். கதவு திறந்திருந்தது. கை சும்மா இருந்தது. என் கை சும்மா இருந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்.

என் படத்தை மட்டும் எடுத்தால் கட்டம் காலியாகப் பல்லை இளிக்கும். அதனால் பச்சையில் கைக்கு எட்டிய ஒன்றை எடுத்துச் சிவப்பில் குத்திவிட்டு, அந்த இடத்தில் என்னைக் குத்தினேன். அது எங்கள் வகுப்பு மியூட்டின் படம். பேசவே மாட்டாள், அதனால் நாங்கள் வைத்த பெயர். வகுப்பில் மூன்றாம் இடம். அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, நாலு நாள் போன் வரும், அவ்வளவுதானே.

மறுநாள் ஆறு மணிக்கு என் போன் வாயைத் திறக்கவில்லை. எட்டரை வரை தூங்கினேன். அம்மா கேட்டதற்கு, "நான் இப்போ பச்சைம்மா" என்றேன். பச்சைப் பொய் என்பது இதுதான். அம்மாவுக்கு ஒரே பெருமை.

இப்படிக்கு,
பச்சைத் தம்பி


செப்டம்பர் 8

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்து இங்கே சமையற்கட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்குப் போன் வந்ததே, அவள் என்ன சொன்னாள்?

அக்கா


செப்டம்பர் 20

அக்காவுக்கு,

நீ கேட்டுவிட்டாயே என்று விசாரித்தேன். விசாரிக்காமலே இருந்திருக்கலாம்.

மியூட் எனக்கு முன் பெஞ்சில்தான் உட்காருகிறாள். "உனக்குக் காலையில போன் வருதாமே?" என்று பொதுவாகக் கேட்டேன். திரும்பிப் பார்த்து, பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து பேசாததையெல்லாம் மொத்தமாகப் பேசிவிட்டாள்.

முதல் இரண்டு நாள் "எழுந்துட்டேன்" என்று வைத்துவிட்டாளாம். மூன்றாம் நாள் மட்டும், "நான் நாலு மணிக்கே எழுந்துட்டேன்க்கா" என்று வாய் தவறி வந்துவிட்டது. எழுத்தர் அக்கா மேடத்தின் உத்தரவை மறந்து, "நாலு மணிக்கா? எதுக்குடா கண்ணு?" என்று கேட்டிருக்கிறார். அந்த 'கண்ணு'வில் இவள் அழுதுவிட்டாள்.

மாமாவின் துணி தேய்க்கும் கடையில் விடியற்காலையிலிருந்து இஸ்திரி போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறாள். இந்த மாதத்தோடு படிப்பை நிறுத்தி முழுநேரமாகக் கடைக்கே போவதாக வீட்டில் முடிவாகிவிட்டதாம். பள்ளியில் யாருக்கும் தெரியாது. மூன்றாம் இடக்காரியை யார் கேட்பார்கள்?

எழுத்தர் அக்கா சொல்லி, மறுநாளே மேடம் கடைக்குப் போயிருக்கிறார். வெறுங்கையோடு போகக் கூடாதென்று அலுவலக மேசை விரிப்பைத் தேய்க்கக் கொடுத்துவிட்டு, அது முடிகிறவரை உட்கார்ந்து மாமாவிடம் பேசினாராம். ஒரு விரிப்பைத் தேய்க்க ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது. முடிவில் மாமா, "பரீட்சை வரைக்கும் காலையில நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

அவளை யார் சிவப்பில் வைத்தது என்று யாருக்கும் சந்தேகமில்லை. மேடம்தான் வைத்தார் என்று எழுத்தர் அக்கா நினைக்கிறார். எழுத்தர் அக்காவுக்கு முன்பே ஏதோ காதில் விழுந்திருக்கிறது என்று மேடம் நினைக்கிறார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மனதுக்குள் மெச்சிக்கொள்கிறார்கள்.

என் நிலவரம்: இரண்டு செய்முறை வகுப்புக்குப் போகவில்லை. கணக்கில் வாங்கியதை எழுத மாட்டேன், மளிகை வண்டிக்காரர் பிரித்துப் படித்தாலும் படிப்பார். இப்படியே போனால் அணைக்கு நான் வெங்காயமாகத்தான் வர முடியும். போய் உண்மையைச் சொல்லலாம். சொன்னால், "ஓ, அவள் தவறுதலாக வந்தவளா" என்று அவளைத் திருப்பிப் பச்சையில் வைத்துவிட்டால்? போன் நின்றுவிடும். மாமா திரும்பக் கடைக்குக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்.

என்ன செய்ய?

தம்பி


அக்டோபர் 1

அன்புத் தம்பிக்கு,

வேலை கிடைத்தது, அதனால் பரீட்சை எழுதவில்லை என்று வீட்டில் எல்லாரும் நினைக்கிறீர்கள். நான்தான் அப்படிச் சொன்னேன்.

அப்பா மருத்துவமனையில் இருந்த மாதம் நினைவிருக்கிறதா? உனக்கு அப்போது பத்து வயது. அம்மா உன்னோடு வீட்டில். நான் அங்கே. செய்முறைத் தேர்வு அந்த மாதம்தான் நடந்தது. பள்ளியிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள், தேதியை மாற்றித் தரக் கேட்கலாம் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன். பச்சைக்காரிக்கு யார் போன் போடுவார்கள்? நானாகக் கூப்பிட்டிருக்கலாம். "நல்லா இருக்கேன்" என்றே சொல்லிப் பழகிய வாய்க்கு வேறு எதுவும் வரவில்லை. மற்றத் தேர்வுகளை அதற்குப் பிறகு எழுதப் போகவில்லை. அப்புறம்தான் வேலை.

இதை அம்மாவிடம் சொல்லாதே.

என்ன செய்ய என்று கேட்டிருந்தாய். அவளைத் தொடாதே. உன்னைப் பார்த்துக்கொள்.

அக்கா


அக்டோபர் 12

அக்காவுக்கு,

உன் கடிதத்தில் கேலி செய்ய ஒரு வரி தேடினேன். கிடைக்கவில்லை. இதுதான் எனக்கு முதல் தோல்வி, கணக்கைச் சேர்க்காமல்.

மறுபடி தண்டனை வாங்கினேன், வேண்டுமென்றே. (எப்படி என்று கேட்காதே. ஒரு தவளைக்கு அதில் பங்குண்டு.) மேடம் வெளியே போனதும் என் படத்தைப் பச்சையிலிருந்து பிடுங்கினேன். சிவப்பில் பதினான்கு கட்டமும் நிறைந்திருந்தது. மியூட்டைத் தொடவில்லை. அதனால் என்னைப் பலகையின் மரச்சட்டத்தில், சிவப்பை ஒட்டிக் குத்திவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை ஆறு மணி.

"எழுந்துட்டியா?"

"எழுந்துட்டேன்க்கா."

"எங்கடா போயிருந்த இத்தனை நாளா?"

"பச்சைக்குக்கா."

"அங்க என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்லக்கா. தூக்கம்."

மதியம் வராந்தாவில் மேடம் பிடித்துக்கொண்டார்.

"பலகைச் சட்டத்துல குத்தினது நீதானே?"

"சின்ன ஊசிதான் மேடம்."

"பச்சைக்குப் போகணும்னு கெஞ்சினவங்களப் பாத்திருக்கேன். திருட்டுத்தனமா சிவப்புக்கு வந்த முதல் ஆளு நீதான்."

நான் நழுவப் பார்த்தேன்.

"அப்போ அந்தப் பொண்ண மாத்தினதும் நீதான்."

அக்கா, நான் மறுக்கவில்லை. குறித்து வைத்துக்கொள். "அவ அங்கேயே இருக்கட்டும் மேடம்" என்று மட்டும் வந்தது.

மேடம் சொன்னார்: "அவ எங்கேயும் போகல. இனிமே பச்சைக்கும் போன் போடச் சொல்லியிருக்கேன். நீ தவளையக் கொண்டுபோய்ப் புடிச்ச இடத்துல விட்டுட்டு, ஏழு மணி வகுப்புக்கு வந்து சேரு."

எழுத்தர் அக்கா இப்போது அத்தனை பேருக்கும் போன் போடுகிறார். காலையில் தொண்டை கட்டிக்கொண்டு சுக்குத் தண்ணீரோடு உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்தால் மட்டும் முறைக்கிறார்.

தம்பி


மே 27

அக்காவுக்கு,

கணக்கில் தேறிவிட்டேன். எத்தனை என்று கேட்காதே, கழுத்தளவுத் தண்ணீரில் மூக்கு மட்டும் மேலே இருக்கிறது. மியூட் இரண்டாம் இடம். மேல்படிப்புக்கு மனுப் போட்டிருக்கிறாள். இப்போது பேச ஆரம்பித்துவிட்டாள், நிறுத்தத்தான் யாருமில்லை. உங்கள் மேற்பார்வையாளரிடம் சொல், ஒரு தலைவலி அடுத்த மாதம் வந்து சேரும் என்று.

நேற்று எல்லாரும் வரிசையில் போய் அவரவர் படத்தைக் கழற்றினோம். பலகை காலியானது. நான் மட்டும் நின்றேன்.

"இன்னும் என்ன?" என்றார் மேடம்.

"கழற்றாதவங்க படமெல்லாம் எங்க மேடம் போகும்?"

அவர் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தார். அதிகம் தேடவில்லை, எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இரட்டைப் பின்னலோடு நீ. உனக்கு அப்போது என் வயது என்பதை நம்ப முடியவில்லை.

"அவளக் கூப்பிடணும்னு எனக்குத் தோணவே இல்ல" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை, என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு படத்தை என் கையில் கொடுத்தார். "தனித்தேர்வு அடுத்த பருவத்துல இருக்கு. படத்த அவளே வந்து கழற்றட்டும்."

சிவப்பில், முதல் கட்டத்தில், உன்னைக் குத்தியிருக்கிறேன். பலகை முழுவதிலும் நீ ஒருத்திதான்.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அது உன் வேலை.

இன்று காலை ஆறு மணிக்கு எழுத்தர் அக்கா உனக்குப் போன் போட்டுப் பார்த்தார். உன் ஊரில்தான் டவர் இல்லையே. அதனால் அவர் கேட்கச் சொன்னதை வெங்காயத்தோடு அனுப்புகிறேன்:

எழுந்துட்டியா?

தம்பி


ஜூன் 5

அன்புத் தம்பிக்கு,

எழுந்துட்டேன்.

நீ வரும்போது என் பழைய இயற்பியல் புத்தகத்தை எடுத்து வா. பரண்மேல் இடப்பக்கம் இருக்கும். எதற்கு என்று அம்மா கேட்டால், அடுத்த வண்டியில் நானே அம்மாவுக்கு எழுதுகிறேன் என்று சொல்.

அக்கா