உடும்புப்பிடிக்காரத் தம்பிக்கு

என் செல்லத் தம்பி சகாயத்துக்கு,

உன் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி போன சனிக்கிழமை முடிந்தது. நீ ஓட்டிய ஸ்கூல் வேன் பிள்ளைகள் முன்வரிசை பெஞ்சை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாடு நம் வீட்டில்தான். அப்பா கடைசிப் பந்தி வரைக்கும் நின்றே பரிமாறினார்.

அந்தக் கடைசிப் பந்தியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் சொல்லிவிட்டுப் போனதைப் பற்றி உன்னிடம் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை. அதற்கு முன் கொஞ்சம் பழசைப் பேசிக்கொள்கிறேனே. உன்னோடு பேசி ஒரு வருஷம் ஆகிறது.

ஆவூர்ப் பக்கத்துத் திருவிழாக் கபடியில் எல்லாக் கைதட்டலும் பாடிப் போகிறவனுக்குத்தான். நீ ஒருநாளும் பாடிப் போனதில்லை. மூலையில் குனிந்து நிற்பாய். எதிராளியின் கணுக்கால் உன் கைக்குள் வந்துவிட்டால் அவன் திரும்பிப் போனதாகச் சரித்திரம் இல்லை. அப்போதே உனக்கு 'உடும்பு' என்று பெயர். அம்மா இருந்தவரை அந்தப் பெயரைக் கேட்டாலே கோபப்படுவாள். "சாமி பேரு வச்சிருக்கேன், உடும்பாம்ல உடும்பு!"

சென்னையில் குடோன் வேலைக்குப் போன ஆறாவது மாதம் ஒரு படம் அனுப்பினாய். தலையில் பெரிய ஹெல்மெட், முகத்துக்குக் கம்பி வலை, தோள் இரண்டும் புடைத்துக்கொண்டு. அப்பா போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தீயணைப்புல சேந்துட்டானா?" என்றார்.

"அமெரிக்கன் ஃபுட்பால்ப்பா" என்றாய் போனில். "கபடி ஆடுனவனுக்கு ஆளைச் சாய்க்கத் தெரியும்னு டீம்ல எடுத்துருக்காங்க."

"பந்த உதைக்கிறதுக்கு எதுக்குடா தலையில சட்டி?"

"உதைக்கிறது கொஞ்சந்தாம்ப்பா. ஒருத்தன் பந்தைத் தூக்கிக்கிட்டு ஓடுவான், இல்லாட்டி எறிவான். அவனைக் கீழ தள்ளணும். அதான் என் வேலை."

"அதத்தான் ஊருல சும்மாவே செஞ்சியே!"

அந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது கூடத்துத் தரையில் வேர்க்கடலையை இரண்டு வரிசையாக அடுக்கி எனக்குப் பாடம் எடுத்தாய். இந்தப் பக்கம் பதினொருவர், அந்தப் பக்கம் பதினொருவர். நடுவில் ஒரு பேரீச்சங்கொட்டை, அதுதான் பந்து. நீ விளக்கி முடிப்பதற்குள் அப்பா எதிரணியில் இரண்டு பேரைத் தின்றுவிட்டார். உன் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

மூன்று வருஷம் ஆடினாய். எதிரணிக்காரனின் கால் எப்போதும் உன் கையில்தான் வந்து மாட்டும் என்று உன் டீம் பையன்கள் சொல்வார்களாம். விலாவில் கன்றிப்போன இடத்தைப் படம் எடுத்து எனக்கு மட்டும் அனுப்புவாய். நான் நர்ஸ் என்பதால். "ஐஸ் வையிடா" என்றால், "வச்சுக்கிட்டுத்தான் பேசுறேன்க்கா" என்பாய். அவ்வளவு வலியிலும் உன் குரலில் ஒரு துள்ளல் இருக்கும். அந்தக் குரலைத்தான் நான் பிறகு தேடிக்கொண்டே இருந்தேன்.

அம்மா போய்ச் சில மாதத்தில், ஒருநாள் பெட்டி படுக்கையோடு வந்து நின்றாய். "முழங்கால் போச்சுக்கா. இனிமே ஆட முடியாது."

அன்றைக்கு ஆரம்பித்தார் அப்பா. நீ ஸ்கூல் வேன் ஓட்டப் போன பிறகும், வேலை முடிந்து வந்ததும், "இங்கிட்டு வா, காலை நீட்டு" என்பார். நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, முழங்காலில் தேய்த்து, நொச்சி இலை ஒத்தடம் கொடுப்பார். இரண்டு வருஷம், ஒருநாள் விடாமல். நீயும் சின்னப் பிள்ளை மாதிரி காலை நீட்டிக்கொண்டு கிடப்பாய்.

ஆனால் நான் உன் முழங்காலை அழுத்திப் பார்த்தவள். வீக்கம் இல்லை. மடக்கினால் வலி இல்லை. ஸ்கேன் எடுக்கலாம் என்றால் ஏதாவது சாக்குச் சொல்வாய். ஒருநாள் அடுப்படியில் வைத்துக் கேட்டேவிட்டேன்.

"ஒன் காலு நல்லாத்தான்டா இருக்கு. அடிக்குப் பயந்துதானே ஓடியாந்துட்ட? அந்த மனுசன் தெனமும் எண்ணெயக் காய்ச்சிக்கிட்டுக் கெடக்குறாரு. உண்மையச் சொல்லித் தொலை."

நீ கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு, "ஆமாக்கா, பயந்தான்" என்றாய். நான் நம்பிவிட்டேன். நீ டெங்கு காய்ச்சலில் என் ஆஸ்பத்திரி வார்டிலேயே கிடந்த அந்தக் கடைசி நாலு நாளும்கூட, என் தம்பி ஒரு பயந்தாங்கொள்ளி என்ற நினைப்பு என் மனசின் ஓரத்தில் இருந்தது.

கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருந்தவர் பெங்களூர் நவீன். நீ போன செய்தியே அவருக்குத் தாமதமாகத்தான் தெரிந்ததாம். ட்ரெயினில் திருச்சி வந்து, பஸ் பிடித்து, விசாரித்து விசாரித்து வந்து சேர்ந்தார். எந்த டீமில் உன்னோடு ஆடினார் என்று கேட்டேன்.

"அவன் டீம் இல்லக்கா. எதிர் டீம். பந்து எறியிறவன் நான்தான். ஒரு கேம்ப்ல ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருந்தோம்."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்.

"அவனோட கடைசி மேட்ச் எங்ககூடத்தான். பாதியில என் இடது தோள் நழுவிருச்சு. உள்ள தள்ளிட்டு, யாருக்கும் சொல்லாம திரும்ப எறங்கிட்டேன். நான் ஒத்தைக் கையால ஹெல்மெட் மாட்டுறதைப் பாத்துட்டான் சகாயம். அவனுக்கு மட்டும் தெரிஞ்சுபோச்சு. கடைசி நிமிஷம், எங்க ஆளுங்களை ஒடைச்சுக்கிட்டு என் மேல வந்தான். அந்த வேகத்துல தரையில அடிச்சிருந்தா இந்தக் கை இன்னைக்கு இல்லக்கா. வந்தான், இடுப்பைச் சேத்துக் கட்டினான், அப்படியே நின்னுட்டான். 'உக்காந்துரு நவீன், நான் அடிக்கல'ன்னு காதுல சொன்னான். பந்தோட நானா உக்காந்துட்டாலே என்னைச் சாய்ச்ச கணக்குதான்."

"உக்காந்தீங்களா?" என்று கேட்டேன்.

இல்லையென்று தலையை ஆட்டினார். "வலது கை சும்மாதானே இருந்துச்சு. எறிஞ்சுட்டேன். அதுல ஜெயிச்சோம். அவனை அவங்க கோச் எல்லார் முன்னாடியும் திட்டினாரு. அடுத்த சீசன் லிஸ்ட்ல அவன் பேரு இல்ல. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தோள் விஷயம் வெளிய வந்தா என் இடம் போயிரும்னு வாயைத் தெறக்கல. போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். 'விடு மச்சான், தோளைப் பாத்துக்க'ன்னு சொல்லி வச்சுட்டான்."

அப்பா ரசச் சட்டியோடு பின்னால் நின்றிருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

"அப்ப, அந்தக் காலு?" என்றார்.

நவீன் நிமிர்ந்து பார்த்தார். "எந்தக் காலுப்பா?"

அப்பா ரசச் சட்டியைக் கீழே வைத்தார். "நல்ல காலுக்கா ரெண்டு வருசம் எண்ணெய் போட்டேன்!" என்றவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தம்பி. நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்தடவை. சிரித்துக்கொண்டே துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "போட்டா என்ன? எம் புள்ள காலுதானே" என்றார். நவீனின் இலையில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்து, "சாப்புடுப்பா. எந்தத் தோளு, இதா?" என்று தொட்டுப் பார்த்தார்.

ஏன்டா எங்களிடம் சொல்லவில்லை? சொன்னால் பெருமை அடித்துக்கொள்வது போலிருக்கும் என்றா? நவீனின் பெயர் வெளியே வந்துவிடும் என்றா? இல்லை, அம்மா போன பிறகு வாயே திறக்காத அப்பா அந்த எண்ணெய் போடும் நேரத்தில் மட்டும் உன்னிடம் பேசிக்கொண்டிருந்தாரே, அதை விட மனசு வரவில்லையா? 'பயந்தான்' என்று என்னிடம் சொன்னாய். எதற்குப் பயம் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பொங்கல் கழிந்து சென்னையில் ஒரு ஆட்டம் இருக்கிறதாம். நவீன் இப்போது ஆடுவதில்லை, பையன்களைப் பழக்குகிறார். வரச்சொல்லியிருக்கிறார். நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பா இரண்டு நாளாக, "ட்ரெயினா, பஸ்ஸா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். புதுவேட்டிகூட எடுத்து வைத்துவிட்டார்.

அங்கே உன்னை அறிந்தவர்கள் இருப்பார்கள். சகாயம் ஏன் ஆட்டத்தை விட்டான் என்று யாராவது கேட்பார்கள். முழங்கால் என்று இனி நான் சொல்லமாட்டேன். கையில் கிடைத்த ஆளைக் கீழே போட மனசில்லாமல் பிடித்துக்கொண்டு நின்றான் என்று, உன் கோச்சே கேட்டாலும், நடந்ததை நடந்தபடி சொல்வேன். இது சத்தியம்டா.

உன்னை ஒருநாள் தப்பாகப் பேசிவிட்ட,
உன் அக்கா
ஸ்டெல்லா