பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்

என் ஆசை மாமாவுக்கு,

விசேஷ வீடுகளில் பாட்டுப் போடும் ஒரே ஒரு ரேடியோ செட்டை என் கையில் விட்டுவிட்டுப் போனீர்கள். இப்போது இலுப்பூர் கடையிலிருந்து மூன்று செட் வாடகைக்குப் போகிறது. தொழிலைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலையெல்லாம் நம் மகள் கயலைப் பற்றித்தான்.

கீரனூரில் லோடு வேன் ஓட்டும் ஒரு தம்பியை விரும்புகிறாள். பெண் கேட்டு வந்தார்கள். வியாபாரம் பார்க்கிறவள் இல்லையா, நேராகவே கேட்டேன்.

“தம்பி, தண்ணி போடுவீங்களா?”

“அய்யோ, இல்லீங்க அத்தை. ஒங்க மகளப் பாத்தாலே போதையா இருக்கு. அப்புறம் அது வேற எதுக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். கயலுக்கு முகமெல்லாம் பூரிப்பு. எங்கள் அப்பாவிடம் நீங்கள் சொன்னதும் இதேதானே, மாமா? அவர் வேண்டாம் என்றார். நான் உங்களோடு வந்துவிட்டேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

“தெளிஞ்சா என்னப்பா செய்வீங்க?” என்றேன். கயலுக்குக் கோபம் வந்துவிட்டது.

“சினிமாப் பாட்டுல வர்ற மாதிரி ஒரு பேச்சுக்குச் சொல்றாரும்மா. அதுக்குப் போயி வக்கீல் மாதிரி கேள்வி கேக்குற!”

பேச்சுக்குத்தான். அந்தப் பேச்சை வாடகைக்கு விட்டுத்தானே நான் சாப்பிடுகிறேன்! கல்யாணமோ காதுகுத்தோ, எங்கே போனாலும் அதே சங்கதிதான்: அவள் கண் சாராயம், சிரிப்பு கள்ளு, ஆயுசுக்கும் தெளியக் கூடாது. ஒரு பாட்டுக்குள்ளாவது மறுநாள் விடிந்திருக்கிறதா? என்னைக் கள் என்று பாடிய வாய்தான் பிறகு நிஜச் சாராயம் கேட்டது. ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தீர்கள்.

முடியாது என்றால் கயலும் என்னைப்போலக் கிளம்பிவிடுவாள். சரி என்றால் இன்னொரு நான். எங்கிட்டுத் திரும்புவது? இதில் வெட்கக்கேடு வேறு: நீங்கள் எனக்காகப் பாடிய அந்தப் பாட்டு ஓடினால், இன்றைக்கும் என் கை தானாகச் சத்தத்தைக் கூட்டுகிறது.

கயலின் பிடிவாதத்தில் நாள் குறித்தாகிவிட்டது; ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். நம் செட்தான். சாமி பாட்டு முடிந்ததும் கயல் போடச் சொல்லியிருப்பது அதே பாட்டு.

தொழிலில் நீங்கள் சொல்லித் தந்த முதல் பாடம் நினைவிருக்கிறதா? “பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல கேப்பு விடாத புள்ள, கூட்டம் கலைஞ்சிரும்.” வீட்டிலும் அப்படித்தான் இருந்தீர்கள். பாட்டு ஓயும் நேரத்தைக் குடி நிரப்பியது. நாம் சும்மா உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த பொழுது ஒன்றுகூட என் நினைவில் இல்லை.

அன்றைக்கு அந்தப் பாட்டை முழுதாகப் போடுவேன். முடிந்ததும் செட்டை நிறுத்திவிடுவேன். கூட்டம் கலைந்தால் கலையட்டும். அந்த அமைதியில் மாப்பிள்ளை எங்கே பார்க்கிறார் என்று கயல் பார்க்கட்டும். பிறகு அவள் எடுக்கும் முடிவு அவளுடையது. கட்டிக்கொண்டு போனாலும், ஒருநாள் தெளிந்து திரும்பி வந்தாலும், எங்கள் அப்பா மாதிரி நான் கதவைச் சாத்த மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம், மாமா.

இன்னும் முழுதாகத் தெளியாத
உங்கள் அத்தை மகள்,
செல்வராணி