முப்பத்தொன்றாம் கொத்து

ஆகஸ்ட் 6

அன்புள்ள புல்லக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் உனக்குக் காது கேட்காது. ஆகவே: புற்கள் நலமா?

பத்து நாள் உன்னோடு காட்டில் கிடந்துவிட்டு வந்தவளை அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். முதலில் அவள் கண்ணில் பட்டது என் முகமல்ல, என் சாக்ஸ். "என்னடி இது, காலுக்குத் தாடி வளர்ந்திருக்கு?" எல்லாம் உன் புல்லின் விதைகள்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நீள மீசை. இரண்டு முறை வாஷிங் மெஷினில் போட்டும் இறங்க மறுக்கின்றன. இலவசப் பயணம் என்றால் அப்படித்தான்.

தோழிகள் உன் வேலை என்னவென்று கேட்டார்கள். "எங்க அக்காவுக்குப் புல்டைம் வேலை" என்றேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. எனவே விளக்கினேன். பெரிய மரங்களின் நிழலில், சருகு மெத்தைமேல் மட்டும் வளரும் ஒரு புல் குடும்பம். இலை அகலம், ஆனால் மெல்லிசு. கதிரில் ஒரு பூவுக்கு ஒரு வீடு, தனிக்குடித்தனம். அந்தப் பூவை மூட வேண்டிய உமி மட்டும் பாதியிலேயே நின்றுவிடும், பெரியப்பா இன்னும் தன் கல்யாணக் கோட்டைப் போட முயல்வதைப் போல. இலை தண்டைத் தொடும் இடத்தில் ஒரு குட்டி நாக்கு உண்டு. நாக்கு இருந்தும் எதிர்த்துப் பேசாத ஜென்மம் உலகில் அது ஒன்றுதான். என்னைவிட அதை உனக்குப் பிடிப்பதற்குக் காரணம் வேறென்ன இருக்க முடியும்?

இதில் இரண்டு வகை என்று நீ சொன்னதையும் மறக்கவில்லை. கணுவில் முடி இருந்தால் ஒரு வகை, மொட்டையாக இருந்தால் இன்னொன்று. உன் காட்டில் எல்லாம் முடிக்காரர்கள். மொட்டை அரிது, பாதுகாப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறது. எங்கள் கணக்கு வாத்தியாரை எந்தப் பட்டியலிலும் சேர்க்கவில்லை, பாவம்.

ஓடைப் பக்கத்து வரிசைக்குப் போனாயா? போனதும் எழுது.

இப்படிக்கு,
உன் வாலு

—

ஆகஸ்ட் 15

அன்பு வாலுவுக்கு,

கடிதம் செவ்வாய்க்கிழமை ஜீப்பில் வந்தது. ஆறு நாளாக மழை. ஓடைப் பக்கம் இறங்க முடியவில்லை. உன் தொப்பியை அங்கே விட்டுவிட்டாய் என்று நினைக்கிறேன், கிடைத்தால் அனுப்புகிறேன்.

சாலை அளப்பவர்கள் வந்து போனார்கள். மேற்கு ஓரத்து மரங்களில் சிவப்புப் பெயின்ட் கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ளதெல்லாம் சாலைக்குப் போகும். நான் எண் கட்டிக் கவனித்துவரும் அறுபது கொத்துகளில் பத்தொன்பது அங்கே இருக்கின்றன. ஓடைப் பக்கத்து வரிசை முழுவதும் அதில் அடக்கம். எங்கள் அலுவலக அதிகாரியிடம் சொன்னேன். "புல்லுதானேம்மா, வேற இடத்துல முளைக்காதா?" என்றார். முளைக்காது. இந்தப் புல் திறந்த வெளிக்கு வராது. ஏர் படாத, சருகு கலையாத பழைய மண் வேண்டும் அதற்கு. ஒரு சாண் நகர அதற்குப் பல வருடம் ஆகும். இதையும் சொன்னேன். அவருக்கு அதற்குள் போன் வந்துவிட்டது.

என் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

பெரியப்பா கோட்டு விஷயத்தை அவர் காதில் போட்டுவிடாதே.

அன்புடன்,
அக்கா

—

ஆகஸ்ட் 28

அன்பு வாலுவுக்கு,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். நான் இப்படிச் செய்வதில்லை என்று உனக்குத் தெரியும்.

நேற்று ஓடைப் பக்கத்து வரிசைக்குப் போனேன். தொப்பி இல்லை. ஆனால் முப்பத்தொன்றாம் எண் தகரச் சீட்டு கட்டிய கொத்தில் ஏழு தண்டுகள், ஏழிலும் எல்லாக் கணுக்களும் மொட்டை. இந்தக் காட்டில் அந்த வகையை இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஜூனில் நானே "முடி உண்டு" என்று குறித்திருக்கிறேன். அவசரத்தில் பக்கத்துக் கொத்தைப் பார்த்து எழுதியிருப்பேன்.

முப்பத்தொன்று கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பட்டியலில் உள்ள ஒரு செடி இருந்தால் கோட்டை நகர்த்தியே ஆக வேண்டும். அதுதான் சட்டம்.

சிரிப்பு வந்தது. ஈரச் சருகில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது.

அக்கா

—

செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துப் புல்லரித்தது. இந்த வார்த்தையை உனக்காகவே தமிழில் யாரோ செய்து வைத்திருக்கிறார்கள்.

ஒன்று கேட்கலாமா? முடி தானாகக் கொட்டாதா? மழையில்? வயதாகி? கணக்கு வாத்தியாருக்குக் கல்லூரிக் காலத்தில் நெற்றியே தெரியாதாம், போட்டோ காட்டினார். எதற்கும் இன்னொரு முறை லென்ஸ் வைத்துப் பார்த்துவிடேன். அவசரப்பட்டு யாருக்கும் எழுத வேண்டாம். அவசரப்படாதே என்று உனக்கு நான் சொல்லும் நாளும் வந்துவிட்டது பார்.

போனில் பேசலாம் என்றால் நீ அதிகாரியின் மேசை முன் நின்று பேசுகிறாய், இங்கே அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். ஆகவே இங்கே கேட்கிறேன்: அறிக்கை அனுப்பிவிட்டாயா?

வாலு

—

செப்டம்பர் 12

அன்பு வாலுவுக்கு,

மறுபடியும் பார்த்தேன். மொட்டைதான். இரண்டு தண்டுகளை அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி, பெயர்ச் சீட்டு எழுதி, அறிக்கையோடு திங்களன்று அனுப்பிவிட்டேன்.

நேற்று அதிகாரி தன் நாற்காலிக்கு எதிரே இன்னொரு நாற்காலி போடச் சொன்னார். "உக்காரும்மா, டீ குடி" என்றார். மூன்று வருடத்தில் முதல் டீ. கோட்டை ஐம்பது மீட்டர் நகர்த்தப் பரிந்துரைத்திருக்கிறார்கள். என் ஒப்பந்தத்தை இரண்டு வருடம் நீட்டவும் பேச்சு நடக்கிறது.

என் சொல்லைக் கேட்டு ஒரு கோடு நகர்வது இதுதான் முதல் முறை.

நீ ஏன் இவ்வளவு கவலைப்படுகிறாய்? பரீட்சையைக் கவனி.

அக்கா

—

செப்டம்பர் 17

அக்கா,

இந்தக் கடிதத்தில் ஜோக் கிடையாது. இருந்தால் கை பழக்கம், மன்னித்துவிடு.

முப்பத்தொன்றை நான்தான் மழித்தேன்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் மத்தியானம், நீ மேட்டில் மண் அள்ளிக்கொண்டிருந்தபோது. அம்மாவின் புருவ ரேசர் என் பையில் இருந்தது. ஏழு தண்டு, மொத்தம் நாற்பத்திரண்டு கணு. ஒரு மணி நேரம் ஆனது. முடி அவ்வளவு மெல்லிசு, மூச்சுவிட்டாலே அசைந்தது. ஒரு தண்டைக்கூட வெட்டிவிடாமல் செய்தேன். என் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு கவனமாகச் செய்ததில்லை என்று அப்போது பெருமைப்பட்டேன். மறுநாள் காலை நீ பார்த்து "ஐயோ!" என்று கத்துவாய், நான் புதரிலிருந்து "சலூன் திறந்தாச்சு!" என்று குதிப்பேன். இதுதான் திட்டம். அன்றைக்கென்று பார்த்து பஸ் அரை மணி முன்னால் வந்தது. நீ என்னை ஏற்றிவிட ஓடிவந்தாய். அப்புறம் மழை.

உன் ஆகஸ்ட் கடிதம் வந்த அன்றே எழுதியிருக்க வேண்டும். நீ தனியாகச் சிரித்தேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு பேனா நகரவில்லை. வாய் மட்டும் பழையபடி ஓடியது. மழை, வாத்தியார், அது இது என்று உளறினேன்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், நீ சொல்லித்தந்தது ஞாபகம் வந்தது. இது ஒரு வருடத்துப் புல் இல்லை. மேலே தெரிவது அந்தந்த வருடத்துக்கு மட்டும். குளிரில் செத்துப் போகும். மண்ணுக்குள் முடிச்சு முடிச்சாகக் கிடக்கும் குட்டைத் தண்டுதான் நிஜப் புல், அது சாகாது என்றாய். அதை நான் மழிக்கவில்லை. அடுத்த வருடம் அது முடியோடு எழுந்து வரும். அப்போது எல்லோரும் உன்னைத்தான் பொய்க்காரி என்பார்கள். அதற்கு முன் நீயே சொல்லிவிடு. இல்லையென்றால் இந்தக் கடிதத்தை அதிகாரி மேசையில் வை. பெயர், முகவரி எல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறேன்.

உன் பத்தொன்பது கொத்தும் கோட்டுக்கு வெளியே போய்விடும் என்று தெரியும். உன் டீயும்.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

தங்கை

—

அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து செவ்வாய்க்கிழமை போய்விட்டது. ஜீப் பழுதாகியிருக்கும் என்று நானே ஜீப்பைப் பழுதாக்கிக்கொண்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ போனில் வருகிறாய். "அவ படிக்கிறாளா?" என்று அம்மாவிடம் கேட்கிறாய். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். "இந்தா, அக்காகிட்ட பேசு" என்று அம்மா போனை நீட்டினால் அதற்குள் நீ வைத்துவிடுகிறாய்.

அம்மாவிடம் ரேசரைப் பற்றிச் சொல்லிவிட்டேன். "புல்லுக்கா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "புல்லுக்கா?" ரேசரைத் தூக்கிக் குப்பையில் போட்டாள்.

வாலு

—

ஜனவரி 9

அக்கா,

டிசம்பர் முடிந்துவிட்டது. நீ வீட்டுக்கு வரவில்லை, ஆகவே வேலை இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன். ஆறு மாதம் நீட்டியிருக்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். இரண்டு வருடம் ஆறு மாதமாகக் குறைந்தது என்னால் என்று அம்மா சொல்லவில்லை.

சாக்ஸில் ஒரு விதை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கிப் பூந்தொட்டியில் ஊன்றினேன். முளைக்கவில்லை. மொட்டை மாடி வெயிலில் வைத்தது தப்பு என்று பிறகுதான் உறைத்தது. மாடிப்படிக்கு அடியில் நகர்த்தியிருக்கிறேன்.

ஜூலை 18 முதல் எனக்கு விடுமுறை. சும்மா தகவல்.

தங்கை

—

ஜூன் 21

அன்பு வாலுவுக்கு,

உன் மூன்று கடிதங்களும் சேர்ந்தன.

செப்டம்பர் கடிதம் வந்த மறுநாளே அறிக்கையைத் திரும்பப் பெற்றேன். அதிகாரி கேட்டார், "யாரு செஞ்சது?" "என் தங்கச்சி." "எத்தனை வயசு?" "பதினாறு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரித்தாரா என்று எனக்கு நிச்சயமில்லை. கோடு பழைய இடத்துக்கே போய்விட்டது. மார்ச்சில் மேற்கு ஓரத்து மரங்களை வெட்டினார்கள். அதற்கு முன் பத்தொன்பது கொத்துகளையும் மண்ணோடு தோண்டி, ஓடைக்கு இந்தப் பக்கம், நிழலில் நட்டோம். ஜீப் டிரைவர் மண்வெட்டி பிடித்தார். பதினொன்று பிழைத்தன. அவை கிழக்கே நிலைக்கின்றனவா என்று பார்க்க எனக்கு இன்னும் ஒரு வருடம் கொடுத்திருக்கிறார்கள். டீ கிடையாது.

நான் எழுதாததற்கு நீ காரணம் என்று நினைத்திருப்பாய். பாதி சரி.

மீதிப் பாதி இது. ஆகஸ்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தபோதே கணுக்களில் குட்டைக் குட்டையாக அடிமயிர் தெரிந்தது. எல்லாம் ஒரே உயரம். இயற்கையில் அப்படி ஒரே உயரத்தில் எதுவும் உதிர்வதில்லை. நான் குறிப்பேட்டில் "தேய்மானம்" என்று எழுதினேன். நீ மறுபடி பார்க்கச் சொன்னாய். மறுபடி பார்த்தேன், மறுபடி அதையே எழுதினேன். நீ மழித்தது விளையாட்டுக்கு. நான் எழுதியது விளையாட்டுக்கு இல்லை. இதை உனக்கு எழுத ஒன்பது மாதம் ஆகியிருக்கிறது.

அதிகாரியிடம் இதையும் சொல்லிவிட்டேன். போன வாரம்தான்.

பிழைத்த பதினொன்றில் முப்பத்தொன்றும் ஒன்று. நேற்று போய்ப் பார்த்தேன். நான்கு தண்டு விட்டிருக்கிறது. கணுவெல்லாம் முடி, நல்ல அடர்த்தி. முன்னைவிட அதிகமோ என்றுகூடத் தோன்றியது. அளந்து பார்த்தேன், இல்லை.

அந்த ஒட்டிய தாள் திரும்பி வந்தது. கிழித்துப் போடலாம் என்றிருந்தேன். ஆனால் எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. தவறான பெயர்ச் சீட்டைப் பிய்க்கக் கூடாது, அதன்மேல் ஒட்டவும் கூடாது. பக்கத்தில் சரியான சீட்டை ஒட்டி, தேதி போட்டு, இரண்டையும் வைத்திருக்க வேண்டும். அப்படியே செய்து அலமாரியில் சேர்த்துவிட்டேன். நானும் நீயும் போன பிறகும் அது அங்கே இருக்கும். புதிய சீட்டில் எழுதியிருப்பது:

இடம்: ஓடையின் மேற்குக் கரை, பழைய மரங்களின் நிழல், ஆழமான சருகு.
இயல்பு: பல ஆண்டு வாழும் புல், குட்டையான, முடிச்சுள்ள நிலத்தடித் தண்டு.
கணுக்கள்: மயிருள்ளவை, இம்மாதிரியில் மழிக்கப்பட்டவை.
மழித்தவர்: சேகரித்தவரின் தங்கை.
தவறாக இனங்கண்டவர்: சேகரித்தவர்.

பூந்தொட்டியை மாடிப்படிக்கு அடியிலேயே வை. முதல் வருடம் முளைக்காது. அதற்கு ஒரு குளிர்காலம் கடக்க வேண்டும்.

காலை பஸ் இப்போது ஏழரைக்கு. அரை மணி முன்னால் வருவதை நிறுத்திவிட்டார்கள். பையை வாசலிலேயே சோதனை போடுவேன்.

அக்கா