சிரிப்புக்கு அடியில் கிடந்த குரல்

ஞாயிறு இரவு, கடலூர்.

சிதம்பரத்தில் இன்று நடந்தது மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. பழைய டிவி காமெடித் தொடரில் வீட்டு ஓனராக நடித்த, காலமாகிவிட்ட நடிகருக்கு ரசிகர்கள் நாங்கள் வைத்த நினைவுக் கூட்டம். திரையில் அவர் கதவைத் திறந்து வந்தார். தொடரில் சேர்த்திருந்த பதிவுச் சிரிப்பு வெடித்தது. நாங்களும் சிரித்தோம். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"அவுரு ஏதோ கேட்டுக்கினே உள்ள வர்றாரு. இந்தச் சிரிப்புல ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. அத கொஞ்சம் எடுத்துடுங்களேன் தம்பி."

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன் நான்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் மச்சான், "ரெண்டும் ஒண்ணா கலந்து கெடக்குது, பிரிக்க வராது. வுடு மாமா" என்றான். விடுவதாக இல்லை.

வந்ததிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால்தான் இருக்கிறேன். சிரிப்பைக் குறைத்தால் குரலும் சேர்ந்து போகிறது. மறுபடி, மறுபடி. இப்போதுதான் கரகரப்பாக வந்தது: "சாப்டியாம்மா?"

இத்தனை வருஷமும் இதன் மேல்தான் சிரித்திருக்கிறோம். அவர் எத்தனை முறை கதவைத் திறந்து வந்தாரோ, அத்தனை முறையும் என்ன சொன்னார் என்று அந்த அம்மாவுக்கு எடுத்துக் கொடுக்காமல் விடமாட்டேன்.