பொய் சொல்லும் அம்மா

இலுப்பூர்,
4.8.2025

மாமாவுக்கு,

இங்கே அண்ணன் வீட்டில் எல்லோரும் சுகம். நீங்கள் போன் செய்தால் நான் எடுப்பதே இல்லை என்று அண்ணனிடம் குறைப்பட்டீர்களாம். உங்கள் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன்.

மாடி வீட்டு ஹரிணி உங்களிடம்தான் டாக்டருக்குப் படிக்கிறாள். நான் உங்கள் மனைவி என்று அவளுக்குத் தெரியாது. நேற்று லேப்டாப்போடு வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்தாள். இந்த முறை பரீட்சைக்கு நிஜ நோயாளி கிடையாதாம், நீங்கள் எழுதிக்கொடுத்த கம்ப்யூட்டர் நோயாளியாம். திரையில் ஒருத்தி கைப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இவள் கேட்கக் கேட்க அவள் பதில் சொல்கிறாள். கடைசியில் மெஷினே மார்க் போடுகிறது. நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், திரையில் இருந்தவள் பேசுவது காதில் விழுந்தது.

"பய நேத்துலேருந்து பாலே குடிக்கலைங்க. மடியிலேயே கெடக்கான். மூச்சு விடுறப்ப நெஞ்சு உள்ளாற போகுதுங்க."

நம் கவின் எட்டு மாதப் பிள்ளையாகக் கிடந்தபோது நான் போனில் உங்களிடம் சொன்ன வார்த்தைகள். ஒன்றுகூட மாறவில்லை.

ஹரிணி சிரித்துக்கொண்டே சொல்கிறாள்: "இந்த அம்மா பொய் சொல்லும்க்கா. அம்மை போட்டதை மறைச்சுரும். 'ஆத்தா வந்திருந்தாளா'ன்னு கேட்டாத்தான் ஒத்துக்கும். கேக்கலைன்னா புள்ள செத்துரும், நாங்க பெயிலு."

உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பரீட்சைக்கு முன்னால் அதை எடுத்துவிடுங்கள். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் என்னைப் பிடித்து உட்கார வைத்துக் கேள்வி கேட்கிற மாதிரி இருக்கிறது.

கலைமதி

புதுக்கோட்டை,
9.8.2025

என் மதிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கவரைப் பிரிக்க மனம் வராமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். நீ உள்ளே என்ன திட்டியிருந்தாலும் சரி, எழுதினாயே.

உன்னை இழிவுபடுத்த எழுதியதல்ல அது. அம்மை போட்ட வீட்டில் அதை நோய் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், உனக்குத் தெரியாததா? தடிப்பு மங்கிய பிறகு பிள்ளையைத் தூக்கி வருவார்கள். காய்ச்சல், சளி என்பார்கள். ஆத்தாவைப் பற்றிக் கேட்க நம் மாணவர்களுக்கு வாய் வருவதில்லை. அதற்காகத்தான். போன மாதம் வார்டில், இதில் பழகிய மாணவன் ஒருவன் அந்தக் கேள்வியைக் கேட்டான். அந்தக் குழந்தை பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டது, மதி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சரியாகக் கேட்டால் அதில் பிள்ளை கண் திறந்து பால் குடிக்கிறான். நான் தினமும் அதைப் போட்டுப் பார்க்கிறேன். பைத்தியம் என்று நினைத்துக்கொள். அதை எடுத்துவிட்டால் எனக்கு வேறு எதுவும் இல்லை. வந்துவிடு மதி. உன் கால்மாட்டில் கிடக்கிறேன், வந்துவிடு.

உன்
சரவணக்குமார்

இலுப்பூர்,
13.8.2025

மாமாவுக்கு,

ஒரு பிள்ளை பிழைத்தது என்று படித்ததும் அழுதுவிட்டேன். சரி, எடுக்க வேண்டாம். அது இருக்கட்டும்.

ஆனால் நான் எங்கே மறைத்தேன்? கந்தர்வக்கோட்டை வீட்டு வாசலில் உங்கள் அம்மா வேப்பிலையைச் செருகிவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை யாரும் படி தாண்டக்கூடாது என்றார்கள். நான் கொல்லைப் பக்கம் போய், முந்திரி மரத்தடியில் நின்றுகொண்டு, சென்னையில் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்த உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் கேட்காமல் நானேதான் சொன்னேன், ஆத்தா வந்திருக்கா, பிள்ளைக்கு மூச்சு வாங்குது என்று. "அம்மா பேச்சைத் தட்டாத மதி. தண்ணி ஊத்தட்டும், அப்புறம் பாப்போம்" என்றீர்கள். தண்ணீர் ஊற்றுவதற்குப் பிள்ளை இல்லை.

உங்கள் திரையில் மாமியார் இல்லை. போன் இல்லை. அப்பன் இல்லை. பொய் சொல்லும் அம்மா ஒருத்திதான் இருக்கிறாள்.

ஒன்றே ஒன்று சேருங்கள். "வேறு யாரிடமாவது சொன்னீர்களா?" என்று மாணவர்கள் கேட்கட்டும். "அவுக அப்பாகிட்ட சொன்னேங்க. அவரும் டாக்டருதான்" என்று அவள் சொல்லட்டும். அதை மட்டும் எழுதினால் போதும், அடுத்த பஸ்ஸில் வந்துவிடுகிறேன். மாமா, நானும் அங்கே வரத்தான் தவிக்கிறேன்.

கலைமதி

புதுக்கோட்டை,
19.8.2025

மதி,

நீ சேர்க்கச் சொன்னதை எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. உன்னை இங்கே யாருக்கும் தெரியாது. என்னை எல்லோருக்கும் தெரியும். நமக்கு ஒரு பிள்ளை இருந்து இறந்துபோன விஷயமும் கல்லூரியில் சிலருக்குத் தெரியும், உடனே முடிச்சுப் போட்டுவிடுவார்கள். அப்புறம் நான் எந்த முகத்தோடு வகுப்பெடுப்பது? அம்மா காதுக்குப் போனால் அவள் உயிரோடு இருக்கமாட்டாள்.

திரையில் இருப்பவள் பேசுவதை மாற்றிவிடுகிறேன், புடவையை, ஊரை, எல்லாவற்றையும் மாற்றுகிறேன். அதை மட்டும் கேட்காதே. வேறு எது வேண்டுமானாலும் கேள், செய்கிறேன்.

சரவணன்

இலுப்பூர்,
30.8.2025

சரவணக்குமார் அவர்களுக்கு,

பரீட்சை முடிந்து ஹரிணி நேற்று வந்தாள். முழு மார்க்காம். இனிப்பு டப்பாவை நீட்டிக்கொண்டு, "அந்த அம்மா ரொம்பத்தான் மறைச்சுச்சுக்கா, நான் விடலையே" என்றாள். எனக்குக் கை நீளவில்லை. என்னக்கா, என்னக்கா என்று பதறினாள்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது, அதையும் கேட்டுவிடு என்றேன். என்ன கேள்வி என்றும் சொன்னேன். அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் பதில் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டாள். நான் அன்றைக்கு ஏதாவது சாப்பிட்டேனா என்று கேட்டாள். பிள்ளையைக் கடைசியாக யார் தூக்கியது என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் இதையெல்லாம் கேட்டதில்லை. பிறகு, அந்த டாக்டர் யார் என்று கேட்டாள். சொன்னேன்.

இனி நான் அங்கே வரமாட்டேன். நீங்களும் எழுத வேண்டாம். திங்கட்கிழமை அவள் உங்கள் வகுப்புக்கு வருவாள். உங்களிடமும் கேட்பாள். நன்றாகக் கேட்கிறாள், நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்.

கவினின் அம்மா