மஞ்சள் மூலை

அன்புள்ள டெட்லெஃபுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

இங்கே பவேரியாவில் பலகை விளையாட்டுகளைப் பெட்டியில் அடைக்கும் வேலைதான். செவ்வாயன்று ஒரு புது விளையாட்டைச் சோதிக்க என்னையும் கூட வேலை செய்யும் பிர்கிட்டையும் உட்கார வைத்தார்கள். அதில் காயை வெட்டி யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. வீட்டில் நாம் மூவரும் ஆடிய பழக்கத்தில் நான் மூன்று பேருக்குப் பலகைத் துண்டுகளை அடுக்கிவிட்டேன்.

“ரெண்டு பேருக்கு எதுக்கும்மா மூணாவது பக்கம்? கழட்டிடுங்க, ஆட்டம் ஒண்ணும் குறையாது,” என்றான் அதை உருவாக்கிய யோனாஸ்.

“அக்கா பேய்க்கும் சேர்த்து எடம் போடுது,” என்றாள் பிர்கிட். நம் மகன் லெனார்ட் இறந்தது அவளுக்குத் தெரியாது. நானும் சிரித்துக்கொண்டே கழற்றினேன்.

பையனின் சாமான்களை யாருக்காவது கொடுக்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். கொடுங்கள். பழைய பகடைப் பலகையை மட்டும் வைத்திருங்கள். அவன் உட்காரும் மஞ்சள் மூலையை அதில் யாராலும் கழற்ற முடியாது.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். வேலைக்கு மணி அடித்துவிட்டார்கள்.

உங்கள் ரோஸ்விதா